சி.பி. பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது எப்படி: வட சென்னைக் குடும்பங்களுக்கு

மருத்துவமனைச் சீட்டில் 'சி.பி.', அதாவது மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி), என்று எழுதப்பட்ட நாளிலிருந்து, பார்க்கிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: 'நல்லா சாப்பிட வை, தேறிடுவான்.' வாயில் வைத்ததெல்லாம் நாக்கோடு வெளியே வருகிறது, ஒரு வேளைச் சோற்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது, இதில் எப்படிச் சாப்பிட வைப்பது என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பதிலைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

மூளை முடக்குவாதத்தில் மூளையில் விழுந்த காயம் வளர்ந்துகொண்டே போவதில்லை. ஆனால் கை காலை இறுக்கும் கோளாறு உதடு, நாக்கு, தாடை, தொண்டையையும் விட்டுவைப்பதில்லை. பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தால் 'இந்த நோய்க்கு அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: நாற்பது, ஐம்பது சின்னக் கரண்டி விழுங்குவதற்குள் பிள்ளை களைத்துவிடுகிறது, அந்த ஐம்பது கரண்டியிலும் நாம் கொடுத்தது தண்ணிக் கஞ்சி. ஆகவே ஒவ்வொரு கரண்டியும் விழுங்கச் சுலபமாகவும் இருக்க வேண்டும், சத்தோடும் இருக்க வேண்டும். முதலில் உட்காரவைப்பது, அடுத்து பதம், அதற்கடுத்து கரண்டி. சத்துக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

உட்காரவைப்பது

காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலின்மேல் மல்லாக்கப் போட்டு, சங்கிலோ பாலாடையிலோ ஊற்றுவது நம் வீடுகளில் பழகிய முறை. சி.பி. பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம். தலை பின்னால் தொங்கும்போது மூச்சுக்குழல் திறந்து கிடக்கும். ஊற்றியது பிள்ளை விழுங்கத் தயாராகும் முன்பே தானாக உள்ளே ஓடும். கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குப் போகும் பாலும் கஞ்சியும்தான் அடிக்கடி வரும் நிமோனியாவுக்குப் பெரிய காரணம்.

சரியான இருக்கையை இடுப்பிலிருந்து தொடங்குங்கள். இடுப்பு நாற்காலியின் பின்பக்கத்தோடு ஒட்டி, தொடையும் முதுகும் சுமார் 90 டிகிரியில் இருக்கட்டும். முழங்காலும் அப்படியே. பாதம் தொங்காமல் தட்டையாக எதன் மேலாவது ஊன்ற வேண்டும். கால் அந்தரத்தில் ஆடினால் உடம்பு முழுக்க விறைக்கும், தாடையும் சேர்ந்து இறுகும். தலை நேராக, மோவாய் சற்றே உள்ளே தாழ்ந்து இருக்க வேண்டும்.

சிறப்பு நாற்காலி கிடைக்கும்வரை வீட்டிலேயே ஒன்று ஏற்பாடு செய்யலாம். உட்காரும் பலகையின் ஆழத்துக்கு, பிள்ளையின் புட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் பின்மடிப்பு வரை அளந்து 2 செ.மீ. கழியுங்கள். உயரத்துக்கு, பின்மடிப்பிலிருந்து உள்ளங்கால் வரை. சின்னப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆழம் அதிகமாக இருந்தால் முதுகுக்குப் பின்னால் கெட்டியான அட்டையோ பலகையோ வைத்துக் குறைக்கலாம். தலையணை வேண்டாம், அமுங்கி அமுங்கி பிள்ளை சரிந்துவிடும். இரு பக்கமும் சுருட்டிய துண்டு. தொடை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் நடுவில் இன்னொரு சுருட்டல். இடுப்பு முன்னால் வழுக்கினால் வார்ப்பட்டையை வயிற்றில் கட்டாதீர்கள். தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பின் மேல், கீழ்நோக்கிச் சாய்வாகக் கட்டுங்கள். இடம் இல்லாத வீட்டில் இரண்டு சுவர் சேரும் மூலையே நல்ல நாற்காலி: மூலையில் சாய்த்து உட்காரவைத்தால் தோள் இரண்டும் தானாக முன்னால் வரும்.

தலையே நிற்காத பிள்ளை என்றால் கொஞ்சம் சாய்க்கலாம். ஆனால் முதுகை மட்டும் சாய்த்தால் இடுப்பு மடிப்பு விரிந்து விறைப்பு கூடும். நாற்காலியை முழுசாக, 15 முதல் 30 டிகிரி வரை சாயுங்கள்.

ஊட்டும்போது பிள்ளை வில்லாக வளைந்தால் பின்மண்டையைப் பிடித்து முன்னால் தள்ளாதீர்கள். பின்மண்டையில் அழுத்தம் பட்டால் இன்னும் பலமாகப் பின்னுக்கு உதைக்கும். இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, இரண்டு தோளையும் முன்னால் கொண்டுவந்தால் தலை தானாக வரும். ஊட்டுகிறவர் பிள்ளையின் கண்மட்டத்துக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயோ, நேர் எதிரில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். மல்லாக்கப் போட்டு ஊட்டும் அதே கோளாறு திரும்ப வரும். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். உடனே தூளியில் போட்டால் வயிற்றில் இருப்பது மேலே வரும்.

பதம்

நம் சமையலில் இந்தப் பிள்ளைகளுக்கு மிகக் கடினமான உணவு எது என்று கேட்டால் பலரும் கறி என்பார்கள். அது ரசம் சாதம். ரசம் முதலில் தொண்டைக்கு ஓடிவிடும், பருக்கை வாயில் தங்கிவிடும். ஒரே வாயில் இரண்டு வேகம். இதைச் சமாளிக்கும் நாக்கு இந்தப் பிள்ளைக்கு இல்லை. தண்ணியாகக் கரைத்த மோர் சாதம், சாம்பாரில் மிதக்கும் இட்லி, பாலில் ஊறிய பிஸ்கட் எல்லாம் இதே வகைதான். 'ரசம் சாதம்தானே, லேசா இருக்குமே' என்று ஆயா ஆசையாகப் பிசைந்து கொடுப்பார். அவரிடம் இந்தக் காரணத்தை ஒருமுறை விளக்கிச் சொன்னால் போதும்.

வேண்டிய பதத்தைக் கரண்டியில் சோதிக்கலாம். ஒரு கரண்டி எடுத்துச் சாயுங்கள். உணவு குமித்து நிற்க வேண்டும், ஒழுகக் கூடாது. கரண்டியைக் கவிழ்த்தால் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும், ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கட்டி, நார், தோல் இருக்கக் கூடாது. கேழ்வரகுக் களியும் பிசுபிசுப்பான சர்க்கரைப் பொங்கலும் ஒட்டுவதால் தோற்கும். வறண்ட புட்டு, பொட்டுக்கடலைப் பொடி, உதிரி உப்புமா வாயெங்கும் சிதறுவதால் தோற்கும். அண்ணன் சாப்பிடும் அத்தோவில் ஒரு வாய் கொடுக்கவே கூடாது, நூடுல்ஸ் இழை பாதி தொண்டையிலும் பாதி நாக்கிலுமாக நிற்கும்.

தண்ணீர், பால், டீ போன்றவை எல்லாவற்றையும்விட வேகமாக ஓடுகிறவை. குடிக்கும்போது இருமல், கண்ணில் நீர், குரலில் 'கரகர' ஈரம் வந்தால் கெட்டியாக்க வேண்டியிருக்கும். வெந்த அரிசி மாவு, மசித்த வாழைப்பழம், தயிர் ஆகியவை வீட்டிலேயே கிடைப்பவை. ஒரு வயதுக்குள் என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் சேர்க்காதீர்கள்.

ஊட்டும்போது பலரையும் குழப்பும் ஒன்று உண்டு. கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சி பாதி கிண்ணத்துக்குள் நீர்த்துப்போகும். எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விடுவதால்தான். எச்சில் மாவுச்சத்தை உடைத்துவிடும். கொஞ்சத்தைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து ஊட்டுங்கள், மீதியைத் தொடாமல் மூடி வையுங்கள்.

மிக்ஸியில் அரைக்கும்போது தண்ணீர் ஊற்றி ஓட்டுவது அடுத்த தவறு. வெந்த காய்கறியின் சாறு, பருப்புத் தண்ணீர், பால், எண்ணெய், இவற்றால் தளர்த்துங்கள். கடைசியில் மாவுச் சல்லடையில் தேய்த்து எடுங்கள்.

கரண்டியும் கப்பும்

குழி இல்லாத, தட்டையான, சின்னக் கரண்டி. கரண்டி பட்டதும் பல்லை இறுக்கும் பிள்ளைக்கு உலோகம் வேண்டாம், மெல்லிய பிளாஸ்டிக்கும் வேண்டாம் (உடையும்); சிலிக்கோன் பூசியது நல்லது. கரண்டியின் முன்பாதி அளவு மட்டும் எடுங்கள்.

கீழிருந்து, நடுக்கோட்டில், மெதுவாகக் கொண்டுவாருங்கள். நாக்கின் நடுப்பகுதியில் வைத்து லேசாகக் கீழே அழுத்தி, மேலுதடு இறங்கும்வரை இரண்டு நொடி நில்லுங்கள். அப்படியே நேராக வெளியே எடுங்கள். மேல்பல்லில் வழித்து எடுப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்; அது தலையை அண்ணாக்க வைக்கும், உதடு வேலை செய்யக் கற்றுக்கொள்ளாது. விழுங்கியாயிற்றா என்று தொண்டையைப் பாருங்கள், பலருக்கு ஒரு வாய்க்கு இரண்டு விழுங்கல் வேண்டும். வாய் காலியான பிறகே அடுத்தது.

நாக்கு உணவை வெளியே தள்ளினால் 'வேண்டாம்' என்று பொருள் இல்லை. நாக்கின் அசைவே அப்படி. இதற்குத் தாடைப் பிடி உதவும்: எதிரில் உட்கார்ந்து, கட்டைவிரல் கீழுதட்டுக்குக் கீழே மோவாயில், ஆட்காட்டி விரல் தாடை ஓரமாக, நடுவிரல் மோவாய்க்கு அடியில். பிடி மென்மையாக இருக்கட்டும், பூட்டாக இருக்க வேண்டாம். கரண்டியைக் கடித்துப் பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க இறுகும். தலையைச் சற்று முன்னால் தாழ்த்திக் காத்திருங்கள், விடும்.

குடிப்பதற்கு மூக்கு இடிக்காத கப் செய்துகொள்ளலாம். வளையக்கூடிய பிளாஸ்டிக் கப்பின் ஒரு பக்க விளிம்பில் 2 செ.மீ. ஆழத்துக்கு அரைவட்டமாக வெட்டி, வெட்டிய ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். வெட்டிய பக்கம் மூக்குக்கு, எதிர்ப்பக்கம் உதட்டுக்கு. தலை பின்னால் சாயாமலே கப்பைச் சாய்க்க முடியும்.

ஒரு வேளை 30 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குப் பிறகு பிள்ளை களைத்துவிடும். மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஐந்து, ஆறு சின்ன வேளை.

எவ்வளவு வேண்டும்

எடை பார்ப்பது எளிது: நீங்கள் தூக்கிக்கொண்டு ஏறி நின்ற எடையில் உங்கள் எடையைக் கழியுங்கள். மாதம் ஒருமுறை, அதே அங்கன்வாடித் தராசில். நிமிர்ந்து நிற்க முடியாத பிள்ளையின் உயரத்தை முழங்காலிலிருந்து கணக்கிடலாம். உட்காரவைத்து, முழங்கால் மேற்பக்கத்திலிருந்து குதிகால் அடிவரை செ.மீட்டரில் அளந்து, 2.69-ஆல் பெருக்கி, 24.2 கூட்டுங்கள். 2 முதல் 12 வயது வரைக்கும் இது பொருந்தும். 30 செ.மீ. என்றால் உயரம் சுமார் 105 செ.மீ.

5 வயதுக்கு மேல் நடக்காத பிள்ளைக்கு ஒரு செ.மீ. உயரத்துக்கு நாளைக்கு 11 கலோரி, தடுமாறியாவது நடப்பவருக்கு 14 என்பது தொடக்கக் கணக்கு. 105 செ.மீ. பிள்ளை, நடக்காதது: 1,155 கலோரி. இடைவிடாமல் கை கால் முறுக்கி ஆடும் வகை என்றால் இன்னும் கூடும். கணக்கைவிட எடைதான் நீதிபதி, ஏறாவிட்டால் கூட்டுங்கள்.

இப்போது நம் கஞ்சியைப் பாருங்கள். 200 மி.லி. தண்ணீரில் 15 கிராம் மாவு, சுமார் 50 கலோரி. அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு 20 டம்ளருக்கு மேல் வேண்டும். யாராலும் முடியாது. அதே அளவை இப்படிச் செய்யலாம்:

காலைக் கூழுக்கு முளைகட்டிய கேழ்வரகு மாவு 15 கிராம், தண்ணீருக்குப் பதில் ஆரஞ்சு பாக்கெட் ஆவின் பால் (கொழுப்பு நிறைந்தது) 150 மி.லி., வெல்லம் 10 கிராம், இறக்கிய பின் நெய் 1 டீஸ்பூன். சுமார் 250 கலோரி. முளைகட்டிய மாவு கூழை இளக்கும் குணம் உள்ளது. அதனால் அதிக மாவு சேர்த்தும் கட்டியாகாது. அதே காரணத்தால் ஆறும்போது நீர்த்தும் போகலாம், ஊட்டும் முன் கரண்டிச் சோதனையை மறக்காதீர்கள்.

மதியத்துக்கு அரிசி 30 கிராம், பாசிப்பருப்பு 15 கிராம், பரங்கிக்காய் 30 கிராம், குக்கரில் குழைய வேகவைத்து, எண்ணெயோ நெய்யோ 2 டீஸ்பூன் விட்டு அரைத்தால் 245 கலோரி வரும். அவித்த முட்டை ஒன்றை அதோடு அரைத்தால் இன்னும் 70 கலோரியும் 6 கிராம் புரதமும். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலையை எண்ணெய் விடும்வரை விழுதாக அரைத்து 10 கிராம் வாழைப்பழத்தோடு மசித்தால் நடுவேளைக்கு ஆயிற்று. வேர்க்கடலை முதல்முறை என்றால் ஒரு துளியில் தொடங்கி, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பாருங்கள். இரவில் தயிர் சாதம், ஆனால் அரைத்தது, எண்ணெய் 1 டீஸ்பூனோடு.

காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு மீனை விடுவானேன்? மத்தியோ கிழங்கானோ அவித்து, முள் எடுத்து, விரலால் இரண்டு முறை தடவிப் பார்த்து, பருப்போடு அரைத்துச் சல்லடையில் தேய்த்துக் கொடுக்கலாம். முள் இல்லை என்பதற்காகப் பலரும் சுறாவைத் தேடுகிறார்கள். சுறாவில் பாதரசம் கூடுதலாகச் சேரும், பிள்ளைகளுக்கு வேண்டாம்.

எண்ணெயை ஒரே நாளில் கூட்டினால் வயிற்றுப்போக்கு வரும். அரை டீஸ்பூனில் தொடங்கி மூன்று நாளைக்கு ஒருமுறை ஏற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: 6 மாதம் முதல் 5 வயதுக்குள், மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடும் ஊட்டச்சத்துக் குறைவு. வீட்டில் திடீரென அதிகம் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில்தான் தொடங்க வேண்டும்.

தண்ணீர், மலம், பல், மாத்திரை

தண்ணீர்க் கணக்கு: முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 50 மி.லி. 12 கிலோ பிள்ளைக்கு 1,100 மி.லி., பால், கஞ்சி எல்லாம் சேர்த்து. எச்சில் நிறைய ஒழுகுகிற பிள்ளைக்கும் ஏப்ரல், மே வெயிலிலும் கொஞ்சம் கூடுதல். சிறுநீர் மஞ்சளாகி நாற்றமடித்தால் போதவில்லை.

மலச்சிக்கல் இருந்தால் பசி போகும், விறைப்பும் கூடும். பப்பாளி, பரங்கி, அரைத்த கீரை கொடுத்து, சாப்பிட்டுப் பத்து நிமிடத்தில் பாதம் ஊன்றும்படி உட்காரவைத்துப் பழக்குங்கள். மூன்று நாளைக்கு மேல் போகாவிட்டால் மருந்து கேளுங்கள், சோப்பு வைக்க வேண்டாம்.

பல்லை உட்காரவைத்தே துலக்குங்கள். 3 வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் பட்டாணி அளவு. இனிப்பு சிரப் கொடுத்த பிறகு ஈரத்துணியால் வாயைத் துடையுங்கள்.

வலிப்பு மருந்துகளில் சில, நெடுநாள் கொடுத்தால் வைட்டமின் டி-யைக் குறைத்து எலும்பைப் பலவீனமாக்கும். டயபர் மாற்றும்போதே தொடை எலும்பு முறிந்த பிள்ளைகள் உண்டு. இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கக் கூடாது; சிரப்பாக மாற்றித் தரச் சொல்லுங்கள். மருந்தை முழுக் கிண்ண உணவில் கலக்காதீர்கள், பாதியில் பிள்ளை வாயை மூடிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவி, இரும்பு கொடுப்பதும் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. முழு நினைவு திரும்பும்வரை ஊட்டக் கூடாது.

வீட்டில் இரண்டாவது கை

அம்மா ஒருவர் கையால் மட்டுமே சாப்பிடும் பிள்ளை, அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் பட்டினி. வாரத்தில் நான்கு வேளையாவது அப்பாவோ ஆயாவோ ஊட்ட வேண்டும், அதுவும் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே தொடங்கி. வெறும் சொல்லில் கற்றுக்கொடுக்க முடியாது: கற்கிறவருக்கு ஒருமுறை நீங்களே கரண்டியால் ஊட்டிவிடுங்கள், தலையை அண்ணாந்து ஒருமுறை, நேராக வைத்து ஒருமுறை. வித்தியாசம் அவர் தொண்டையே சொல்லும்.

தூக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தொங்கவிட்டால் கால் கத்தரிக்கோல் போலப் பின்னும். இடுப்பையும் முழங்காலையும் மடக்கி உருண்டையாக்கி, உங்கள் முழங்காலை மடித்து, நெஞ்சோடு ஒட்டித் தூக்குங்கள். சின்னப் பிள்ளையை இடுப்பில் கால் அகட்டி வைப்பது நல்லதே, ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது. லிஃப்ட் இல்லாத குடியிருப்பில் மூன்றாவது மாடி என்றால் 15 கிலோவுக்கு மேல் இரண்டு பேர்.

மழைக்காலத்துக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மிக்ஸியை நம்பிய வீடுகள் திண்டாடின. மாவுச் சல்லடை, பருப்பு மத்து, வறுத்து அரைத்த அரிசி பருப்பு மாவு அரைக்கிலோ, வாழைப்பழம், பால் பவுடர், நெய், பத்து நாள் மாத்திரை ஆகியவை அக்டோபரிலேயே ஒரு டப்பாவில் இருக்கட்டும்.

எப்போது, எங்கே போவது

மூன்று மாதம் எடை ஏறாவிட்டால், வருடத்தில் இரண்டு முறை நிமோனியா வந்தால், ஊட்டும்போது உதடு நீலமானால், வேளைக்கு வேளை அரை மணியைத் தாண்டினால் காத்திருக்காதீர்கள். இருமலே இல்லாமல் நுரையீரலுக்குப் போவதும் உண்டு. காரணம் தெரியாத காய்ச்சல், நெஞ்சில் சளிச் சத்தம் அதன் அடையாளங்கள். குழாய் வழியாக ஊட்டலாம் என்று மருத்துவர் சொன்னால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூக்குக் குழாய் சில வாரங்களுக்கு. அதற்கு மேல் தேவைப்பட்டால் வயிற்றில் நேராக வைக்கும் குழாய். ருசிக்காக ஒன்றிரண்டு கரண்டி வாயில் தொடரலாமா என்று சிகிச்சையாளரிடம் கேளுங்கள். குழாயில் ஊட்டும் பிள்ளை அசையாமல் எடை போட்டுக்கொண்டே போகலாம், அப்போது தூக்கவே முடியாது. அதற்கும் மாதாந்திர எடைதான் காவல்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்தில்தான். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு விம்கோ நகர், தண்டையார்பேட்டை எங்கே ஏறினாலும் மெட்ரோவில் லிஃப்ட் உண்டு. சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர். 1985-இல் தொடங்கிய வித்யாசாகர் தொண்டு நிறுவனம் கோட்டூர்புரத்தில், பல்வகை மாற்றுத்திறன் கொண்டோருக்கான மத்திய அரசு நிறுவனம் முட்டுக்காட்டில். நமக்கு இரண்டும் ஊரின் மறுகோடி. வாரா வாரம் போக முடியாதவர்கள், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஊட்டும் முறையையும் இருக்கை அளவையும் கற்று வந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் பயன் உண்டு. வீட்டுக்கே வரும் இயன்முறைச் சிகிச்சைக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

அடையாள அட்டை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மூளை முடக்குவாதத்தைக் கை கால் இயக்கக் குறைபாட்டின் கீழ் வைத்திருக்கிறது. பிள்ளைக்கு அறிவுத்திறன், பார்வை, கேட்புக் குறையும் இருந்தால் அவற்றையும் சோதித்துச் சான்றில் சேர்க்கச் சொல்லுங்கள். உதவித்தொகை சதவீதத்தைப் பொறுத்தது. கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாநில அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மத்திய அரசின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் வரை. மூளை முடக்குவாதம் அதில் நேரடியாகச் சேரும்.

சிகிச்சையாளரிடம் போகும் நாளில் எடை எழுதிய நோட்டு, வழக்கமாக ஊட்டும் கரண்டி, அன்றைக்கு வீட்டில் செய்த சாப்பாடு ஒரு டப்பாவில், முந்தைய நாள் ஊட்டியதை இரண்டு நிமிடம் பக்கவாட்டிலிருந்து எடுத்த செல்போன் வீடியோ, இந்த நான்கும் பையில் இருக்கட்டும். புது இடத்தில் பல பிள்ளைகள் வாயே திறக்காது. அப்போது பேசுவது அந்த வீடியோதான்.